கேபினுக்குள் ஒரு குடித்தனம்!

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

ஷூட்டிங் நடக்கும் தெருவில் ஓரமாக நிற்குமே, பளபளவென்று ஒரு பெரிய வண்டி! உள்ளே ஏ.சி., மெத்தை, நிலைக்கண்ணாடி, பாத்ரூம் என்று சகல வசதியும். கேரவனில் ஊர் சுற்ற வருபவர்களுக்காகவே கேரள அரசு 2021-ல் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. வெளிநாடுகளில் வீட்டைக் காலி செய்துவிட்டு, வண்டியிலேயே குடியிருந்து, வண்டியிலேயே ஆபீஸ் வேலையும் பார்க்கிறவர்கள் உண்டு. காலையில் மலையடிவாரம், மாலையில் ஏரிக்கரை... கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் வண்டியிலேயே வாழ்ந்து, வண்டியிலேயே வேலை பார்க்கிறவர்கள் நம்மூரிலும் பல காலமாக இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் ஆசைப்படுவதில்லை. நான் பிராக்டீஸ் செய்யும் புளியந்தோப்பில் அவர்களுடைய குடும்பங்கள் நிறைய உண்டு. குடும்பம்தான் இங்கே. குடும்பத் தலைவர் லாரி கேபினில்!

அவர்களில் ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவரிடம் நான் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் செய்த தப்பு

வயது 46. துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போதாமல் இன்சுலின் எழுதிக் கொடுத்திருந்தேன். மாதா மாதம் அவர் மனைவிதான் வருவார். "அவரு வந்தாத்தானேம்மா காலைப் பார்க்க முடியும், கண்ணைப் பார்க்க முடியும்?" என்பேன். "எங்க டாக்டர்... வண்டி லைன்ல நிக்குது, வுட்டுட்டு வர முடியாதாம்" என்பார்.

எப்போதாவது தலை காட்டும்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால், சர்க்கரை முன்னூறுக்குக் கீழே இறங்காது. மூன்று மாதம் அவரைத் திட்டித் தீர்த்தேன். "ஊசி போடறதா பொய் சொல்றீங்க. ராத்திரி பரோட்டா சாப்பிடறீங்க. உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை இல்லைன்னா நான் என்ன செய்ய முடியும்?" மனிதர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார்.

நாலாவது மாதம் வலது பாதத்தில் ஒரு புண்ணோடு வந்தார். எப்படி வந்தது என்றால் தெரியவில்லை. இன்ஜின் பக்கத்துத் தகடு சூட்டில் கால் வெந்திருக்கிறது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போனதால் அவருக்குச் சுடவே இல்லை!

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்து கேட்டேன்: "இன்சுலினை எங்கே வெச்சிருக்கீங்க?"

"டேஷ்போர்டு உள்ளாறதான் சார். பத்திரமா இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரிக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரித்து உபயோகிக்கும் மருந்தும் அதிகபட்சம் 25-30 டிகிரி சூட்டைத்தான் தாங்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். அந்த மனிதர் வேளை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் உள்ளே போனது வீரியம் செத்த மருந்து.

"உங்களுக்கு ஃப்ரிட்ஜ் இருக்கா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு என்று ஒன்று இருக்கும், அங்கே தினமும் போய்ப் படுப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான்.

இன்றைக்கு அவர் கேபினில் ஒரு சின்ன மண்பானை இருக்கிறது. அதற்குள் ஈர மணல், மணலுக்கு மேல் மூடி போட்ட டப்பாவில் இன்சுலின். வண்டியின் நிழல் விழும் பக்கம் வைத்துக்கொள்கிறார். பிரிக்காத மருந்து வீட்டு ஃப்ரிட்ஜில். சர்க்கரை இறங்கியது. புண்ணும் ஆறியது. விரல் தப்பியது அதிர்ஷ்டம்தான்.

அரை மணி நேரத் தூரம்

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? அவர் காஷ்மீருக்கு லோடு ஏற்றிப் போகிறவர் இல்லை. மணலியிலும் மாதவரத்திலும் உள்ள கன்டெய்னர் யார்டுகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஓட்டுகிறவர். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து புளியந்தோப்பில் அவர் வீடு அரை மணி நேரத் தூரம்! ஆனாலும் போக முடியாது. வரிசை எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. வண்டியை விட்டுப் போனால் பேட்டரி போகும், டீசல் போகும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டைத் தாண்ட இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் கிடந்த காலமும் உண்டு.

முன்பெல்லாம் பேச்சுத் துணைக்கும் காவலுக்கும் கிளீனர் இருப்பார். இப்போது பல வண்டிகளில் டிரைவர் தனி ஆள். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்று இருந்த விதியையே 2018-ல் எடுத்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். வீடு என்பது என்ன? சுவரும் கூரையுமா? டாக்டர் கண்ணோட்டத்தில் வீடு என்றால் நாலு விஷயம்தான். தூக்கம், தண்ணீர், கக்கூஸ், வேளைக்கு மருந்து. இந்த நாலும் இல்லாத இடத்தில் மாதத்தில் பாதி நாள் ஒருவர் குடியிருந்தால் உடம்பு என்ன ஆகும்?

ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வந்த சிறுநீரை அடக்குகிறார்கள். முடிவு, சிறுநீரகக் கல். உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு வலி, மூலம், தொப்பை. நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடுவதால் வயிற்றெரிச்சல்.

கொசுவுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்துகிறார்கள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 சிகரெட்டுக்கும் மேலான நுண்துகள் புகை வருகிறது என்று 2003-ல் ஓர் ஆராய்ச்சி சொன்னது. அதை அந்தச் சின்னப் பெட்டிக்குள் ராத்திரி முழுக்கச் சுவாசிக்கிறார்கள்!

வசதியான வண்டியாக இருந்தாலும் புகை புகைதான். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவன் ஒன்றுக்குள் அதில் வேலை பார்த்த இருவர் இறந்து கிடந்தார்கள். காரணம், ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

எய்ட்ஸ் மட்டும்தானா?

லாரி டிரைவர்களின் ஆரோக்கியத்தைப் பற்றி நாம் யோசித்ததே இல்லையா? யோசித்தோம், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும்!

இந்தியாவில் முதன்முதலாக 1986-ல் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். தொண்ணூறுகளில் லாரி நிற்கும் இடமெல்லாம் எய்ட்ஸ் பிரசாரம் நடந்தது. நல்ல காரியம், அவசியமான காரியம். ஆனால் அதோடு 'லாரி டிரைவர் என்றால் அந்த மாதிரி ஆள்' என்ற முத்திரையும் ஒட்டிக்கொண்டது. அவரிடமிருந்து நமக்கு நோய் வந்துவிடுமோ என்று கவலைப்பட்டோமே தவிர, அவர் முதுகு வலிக்கிறதா, ராத்திரி தூங்கினாரா என்று கேட்க ஆளில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அருமையான திட்டம்தான். ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரையை வாங்கி வைத்தவர் மனைவி. விழுங்க வேண்டியவர் எண்ணூர் ரோட்டில்! கேபின் கதவும் ஒரு வீட்டு வாசல்தான் என்று நாம் நினைப்பதில்லை. லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் ஒரு நர்ஸ், ஒரு பி.பி. கருவி, குடிதண்ணீர், நாலு சுத்தமான கழிப்பறை... கேட்பது பெரிய ஆஸ்பத்திரி இல்லை.

2025-க்குப் பிறகு தயாராகும் புதிய கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. சந்தோஷம். ஆனால் வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும்போது ஏ.சி.யும் நின்றுவிடும். பழைய வண்டிகளுக்கு அதுவும் இல்லை.

சட்டத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. 'டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை' என்று 1961-லேயே எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கியது. எட்டு மணி அப்படியே இருக்கிறது, காகிதத்தில்! ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். வாராந்திர 45 மணி நேர ஓய்வை வண்டிக்குள்ளேயே கழிக்கக் கூடாது என்று 2017-ல் அங்கே உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 'கேபின் என்பது வேலை செய்யும் இடம், படுத்துறங்கும் வீடு அல்ல' என்பதுதான் அதன் சாரம்.

உங்களுக்கு என்ன சம்பந்தம்?

"லாரி டிரைவர் சமாசாரம் எங்களுக்கு எதற்கு?" என்கிறீர்களா? ஒரு நிமிஷம்!

போன லீவுக்கு வேன் எடுத்துக்கொண்டு திருப்பதியோ, வேளாங்கண்ணியோ, குற்றாலமோ போயிருப்பீர்கள். ராத்திரி லாட்ஜில் ரூம் போட்டீர்கள். ஏ.சி.யா, நான் ஏ.சி.யா, வெந்நீர் வருமா என்றெல்லாம் விசாரித்தீர்கள். டிரைவர் எங்கே படுத்தார்?

வேனில்தானே! கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, சீட்டில் காலை மடக்கிக்கொண்டு, கொசுக்கடியில்! அதிகாலை மூணு மணிக்கு நீங்கள்தானே போய்க் கண்ணாடியைத் தட்டினீர்கள்? "டிரைவர் தம்பி, கிளம்பலாமா?" என்று. அவரும் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் மூளை, ரத்தத்தில் 0.05 சதவீத மது ஏறியவரின் மூளை மாதிரி தடுமாறும். நம் சட்டம் டிரைவருக்கு அனுமதிப்பதே 0.03 சதவீதம்தான். குடித்தவர் ஓட்டும் வண்டியில் உங்கள் குழந்தைகளை ஏற்றுவீர்களா? மாட்டீர்கள். ஆனால் தூங்காதவர் ஓட்டும் வண்டியில் தைரியமாக ஏற்றிவிட்டு, நீங்கள் பின்சீட்டில் தூங்கிவிடுகிறீர்கள்!

அதனால்தான் சொல்கிறேன். சர்க்கார் செய்ய வேண்டியதை சர்க்கார் செய்யட்டும், லாரி முதலாளி செய்ய வேண்டியதை முதலாளி செய்யட்டும். உங்கள் கையில் இருப்பதை நீங்கள் செய்யுங்கள்.

★ டூர் போகும்போது டிரைவர் படுக்கவும் ஓர் இடம் பேசுங்கள். பல லாட்ஜுகளில் டிரைவர்களுக்கென்றே பொது அறை உண்டு. அந்தச் செலவையும் வேன் வாடகையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

★ அவர் ஆறேழு மணி நேரம் தூங்கி எழுந்த பிறகே கிளம்புங்கள். சுப்ரபாத தரிசனம் ஒரு நாள் தள்ளிப் போனால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

★ வீடு மாற்ற லாரி வந்தால், கேஸ் சிலிண்டரோ ஃப்ரிட்ஜோ கொண்டு வந்தால், "தண்ணி வேணுமா? பாத்ரூம் போகணுமா?" என்று கேளுங்கள். வெட்கப்பட்டு வேண்டாம் என்பார். இன்னொரு தடவை கேளுங்கள்.

★ உங்கள் உறவிலோ தெருவிலோ வண்டியில் வாழ்கிறவர் இருந்தால், வீட்டுக்கு வரும் நாளில் சர்க்கரை, பி.பி., கண், பாதம் நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தை எங்கே வைக்கிறார் என்றும் விசாரியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை முழுக்க மூடிக்கொண்டு தூங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

என்னைப் போன்ற டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்பதற்கு முன்னால் "எங்கே தூங்கறீங்க?" என்று கேளுங்கள். பாதி வியாதிக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

போன மாதம் அந்த டிரைவரின் மனைவி மாத்திரை வாங்க வந்தார். "எப்படி இருக்காரும்மா?" என்றேன். "நல்லாயிருக்காரு டாக்டர். பானையில தண்ணி ஊத்துனியான்னு தெனம் போன் பண்ணிக் கேட்டுடுவேன்" என்றார்.

அவருடைய குடும்பம் இன்றைக்கும் அந்த போனில்தான் நடக்கிறது. எண்ணூர் ரோட்டில் வண்டி நிற்கிறது. வீடு அரை மணி நேரத் தூரத்தில்.