புறப்படுமுன் பானெட்டைத் திறவுங்கள்



பயணத்துக்கு முன் ஜெபிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் ஜெபித்த கையோடு பானெட்டைத் திறந்து பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஜவ்வாது மலையில் கார் வைத்திருப்போர் அதன் சாதாரணக் குறைகளைத் தாமே கண்டறியக் கற்றுக்கொள்வது கடமை என்றே நான் கருதுகிறேன். மெக்கானிக் கூலி மிச்சமாவது சிறிய லாபம். உடன் அமர்ந்து வருகிறவர்களின் உயிர் பெரிது.

சமவெளியில் வண்டி நின்றால் அருகிலேயே ஒரு பட்டறை இருக்கும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்கும் காட்டுப்பாதையில் அந்த வசதி கிடையாது. 2022 ஏப்ரலில் செம்பரைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் மாண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மலைப்பாதை சிறு தவறையும் பொறுப்பதில்லை.

முதலில் பேட்டரி. பனிக்காலக் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓசை மட்டுமே கேட்கிறது; விளக்கு மங்குகிறது. உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கையுறை அணிந்து, மைனஸ் கம்பியை முதலிலும் பிளஸ் கம்பியை அடுத்தும் கழற்றுங்கள். வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் தேய்த்து, நன்கு உலர்த்தி, இம்முறை பிளஸ்ஸை முதலில் மாட்டி இறுக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு பிறக்கும்: நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி உயராவிட்டால், குறை பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலேயே இருக்கும். அப்போது புது பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும்.

அடுத்தது சூடு. ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டால், ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளிருக்கும் அழுத்தத்தால் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த கணமே பீறிட்டெழுந்து முகத்தை வேகவைத்துவிடும். ஆறியபின் கூலண்ட் குறைந்திருந்தால் ஊற்றலாம். மறுவாரமும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். வாரந்தோறும் ஊற்றிக்கொண்டே இருப்பது நோயை மறைத்துவைப்பதற்குச் சமம்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க, இரவில் வண்டியின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். நிறமற்ற நீர் ஏசியிலிருந்து வருவது. அதற்கு அஞ்ச வேண்டாம். பச்சையோ இளஞ்சிவப்போ கூலண்ட். கருப்பு எஞ்சின் ஆயில். சக்கரத்தருகே மஞ்சள் நிறத்தில் வழவழப்பாகக் கசிந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்று வண்டியை எடுக்காதீர்கள்.

பிரேக் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது: கவனியுங்கள், கழற்றாதீர்கள். பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் எழும். பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டியோ நிற்காது. ஆகவே ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆயிலை உரிய காலத்தில் மாற்றச் செய்யுங்கள். பெடல் அமுங்கினாலோ, சக்கரத்தில் இரும்பு உராயும் ஓசை கேட்டாலோ, மெக்கானிக்கை வண்டியிருக்கும் இடத்துக்கு அழைத்து வாருங்கள். வீடியோவைப் பார்த்துப் பேட்டரியைச் சுத்தம் செய்யலாம். அதே துணிச்சலோடு பிரேக்கைப் பிரிப்பவர், தன் குடும்பத்தை வைத்துச் சோதனை நடத்துகிறார்.

"இயந்திரம் எனக்குப் புரியாது" என்று சிலர் ஒதுங்குகிறீர்கள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று அறிய நாம் மருத்துவராக வேண்டியதில்லையே! தொட்டுப் பார்க்கிறோம், எப்போது மருத்துவரிடம் ஓடவேண்டும் என்று அறிந்திருக்கிறோம். வண்டிக்கும் அந்த அளவு அறிவு போதும். அதை மகன்களுக்கு மட்டுமல்ல, மகள்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

இந்த வாரம் ஒரு காலை நேரம், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், டயரின் காற்று, ஸ்டெப்னி ஆகிய ஐந்தையும் பாருங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். அதன்பின் ஜெபித்துப் புறப்படுங்கள்.