சிலுக்குக்கு அஞ்சலியாம்!

செப்டம்பர் 23 வந்தாப் போதும், நம்ம மக்கள் சிலுக்கு ஸ்மிதாவோட கவர்ச்சிப் படம் ஒண்ணைப் போட்டு, கீழே "கனவுக்கன்னிக்கு அஞ்சலி"ன்னு எழுதிடுறாங்க. சாமி, இது அஞ்சலியா, ஜொள்ளா?

ஏலூரு பக்கத்துக் கிராமத்துல பிறந்த விஜயலட்சுமிக்கு நாலாம் வகுப்போட படிப்பு போச்சு. சின்ன வயசுலயே கல்யாணம். அதுல இருந்து தப்பிச்சு மெட்ராஸ் வந்து, நடிகைகளுக்கு டச்-அப் பண்ணிப் பொழைச்சாங்க. 1980-ல 'வண்டிச்சக்கரம்'. வேஷத்தோட பேரே ஒட்டிக்கிச்சு.

நடிக்கத் தெரியாதுங்கறவங்க 1981-ல வந்த 'அலைகள் ஓய்வதில்லை' பாருங்க. கவர்ச்சியே இல்லாத அண்ணி வேஷம், அவ்வளவு நல்லா பண்ணியிருப்பாங்க. அப்புறமும் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு ஆடத்தான் கூப்பிட்டாங்க. சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கிட்டாங்க. 1996-ல போய்ச் சேர்ந்தப்ப வயசு 35.

அவங்க வாழ்க்கையைத் தழுவி 2011-ல வந்த இந்திப் படத்துல நடிச்ச வித்யா பாலனுக்குத் தேசிய விருது. வாழ்ந்தவங்களுக்கு?

"அவங்களே தேடிக்கிட்டதுதானே"ன்னு சொல்லாதீங்க. ஆடினது அவங்க, டிக்கெட் வாங்கி விசிலடிச்சது நாம. நானும்தான். அடுத்த வருஷமாவது அந்தப் படத்தைப் போடாம, விஜயலட்சுமின்னு அவங்க பேரைப் போடுவோம்.