எஞ்சினை மாத்த முதல் ரேடியேட்டர் மூடியைப் பாருங்க

நாவலப்பிட்டிப் பக்கம் பழைய பிக்கப் ஒன்று வாங்கின யாரிடமும் "எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்குள் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எஞ்சின் மாத்தணும்." இந்தப் பதிலை எங்களுக்குக் கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டது. மாற்றச் சொல்லப்படுகிற எஞ்சின்களில் பாதிக்கு மேல் மாற்றத் தேவையே இல்லாதவை என்பது எங்கள் எண்ணம். பழுது எஞ்சினில் தொடங்கவில்லை, எஞ்சினைக் குளிர வைக்கிற பக்கத்தில் தொடங்கியது. அதைப் பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை, அதனால் யாரும் பார்ப்பதும் இல்லை.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். "உங்களுக்கு இதில என்ன வேலை?" என்று கேட்கலாம். எங்கள் கூட்டத்தில் ஒருவன் வீட்டில் நடந்ததுதான் காரணம். அவனுடைய அம்மா இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். வேலையிலிருந்து நின்றதும் வந்த சேமலாப நிதிக் காசோடு மூத்த மகன் சீட்டில் எடுத்ததையும் சேர்த்து, ஒன்பது இலட்சத்துக்கு ஒரு சின்ன டீசல் பிக்கப் வாங்கினார்கள். எண்பதுகளில் ஜப்பானில் செய்தது, எங்களை விட வயது கூடியது. கெட்டபுலா பக்கமிருந்தும் கினிகத்தேனைப் பக்கமிருந்தும் மரக்கறி ஏற்றி இறக்குவது திட்டம். மூன்றாம் மாதம் ஏற்றத்தில் ஆவி பறக்க நின்றுவிட்டது. பக்கத்துக் கராஜில் பார்த்தவர் பொனட்டைத் திறந்து ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: "இது முடிஞ்சுது தம்பி. ஜப்பான் எஞ்சின் ஒண்ணு போடுங்க. கூலியோட மூணு இலட்சம்."

மூன்று இலட்சம் என்பது சும்மா ஒரு எண் இல்லை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2021 இல் 1000 ரூபாய் ஆனது, 2024 செப்டம்பரில் 1350 ஆனது. 1350 ரூபாய்ப்படி கணக்குப் போட்டால் அந்த எஞ்சின் 222 நாள் கொழுந்து. மழை, அட்டை எல்லாம் சேர்த்து.

இவ்வளவு பழைய வாகனத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது, டொலர் இல்லை என்று. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி ஆனது. இந்த ஐந்து வருடத்தில் நாட்டிலிருந்த வாகனங்கள்தான் கை மாறிக் கை மாறி ஓடின. பழைய இரும்புக்குப் போக வேண்டியதெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டு விற்பனைக்கு வந்தது. தடை நீங்கிய பிறகும் வரிக்கு மேல் வரி என்பதால், புதிய வாகனம் மலைநாட்டுச் சின்ன வியாபாரிக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. இடையில் 2022 எரிபொருள் நெருக்கடி வேறு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வாகனங்கள் எத்தனை! ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் பச்சைத் தண்ணி மட்டும் இருந்தால், நின்ற இடத்திலேயே உள்ளே துருப் பிடிக்கும். 2022 இல் பிடித்த துரு இப்போதுதான் ஏற்றத்தில் ஆவியாக வருகிறது.

ஏற்றம் என்றால் நாவலப்பிட்டிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 1874 இல் ரயில் இங்கே வந்து சேர்ந்தது. ஊர் இருப்பது 600 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், ஹற்றன் இருப்பதோ ஏறத்தாழ 1260 மீட்டரில். இடையில் ரயில் பாதை 44 க்கு 1 என்ற கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் நீராவிக் காலத்தில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ள இங்கே இன்னொரு எஞ்சின் பூட்டினார்கள். பிக்கப்பைத் தள்ள அப்படி யாரும் இல்லை. எரிகிற டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போகும், மிச்சம் வெப்பமாக எஞ்சினிலேயே நிற்கும். அதை வெளியே எடுக்கத்தான் தண்ணீரும் ரேடியேட்டரும் விசிறியும். ஏற்றத்தில் எஞ்சின் உச்சமாக உழைக்கிறது, வாகனமோ ஆமை வேகத்தில் போகிறது. முன்னால் காற்று அடிப்பதில்லை. தட்டையான ஊரில் பத்து வருடம் மறைந்திருக்கிற குறை, இங்கே இரண்டு வளைவில் வெளியே வந்துவிடும். கொழும்புப் பக்கத்தில் நன்றாக ஓடிய பிக்கப் நம் ஊருக்கு வந்ததும் "எஞ்சின் போன" கதை இதுதான்.

நண்பனின் அம்மா மூன்று இலட்சத்துக்குச் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கக் காசும் இல்லை. கட்டி இழுத்துக்கொண்டு ஒரு வயதான பாஸிடம் போனோம். அவர் முதலில் கேட்டது எஞ்சினைப் பற்றியே இல்லை. "ரேடியேட்டர் மூடி எப்ப மாத்தினது?" என்றார். ஆளை ஆள் பார்த்தோம். "யாருக்கும் தெரியாது பாஸ்" என்றான் நண்பன்.

அந்த மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைப்பது அதுதான். அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 120 வரையும் தாங்கும். பிரஷர் குக்கர் கணக்குத்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியே தள்ளும். தண்ணீர் குறையக் குறைய எஞ்சின் காயும். இதில் பெரிய அநியாயம் வெப்பமானிதான். அதன் உணரி தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் இறங்கி உணரி வெறும் ஆவியில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள்ளு நல்ல பிள்ளை மாதிரி நடுவில் நிற்கும். நண்பனின் அண்ணன் "முள்ளு ஏறவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னது பொய்யில்லை.

பிறகு பாஸ் தெர்மோஸ்டாட் இருக்கிற இடத்தைக் கழற்றினார். உள்ளே ஒன்றும் இல்லை. எவரோ ஒருவர் எப்போதோ "இந்த நாட்டுக்கு இது தேவையில்ல" என்று எறிந்திருக்கிறார். இந்த வைத்தியம் நம் கராஜ்களில் ரொம்பப் பிரபலம், ரொம்பத் தப்பானதும்கூட. ஹற்றன் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும். டீசல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் அதை எடுத்தால் ஒரு பங்குத் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் திரும்பி ஓடும். குளிர வைக்க எடுத்தது சூடாக்கத்தான் உதவும்.

ஒயில் மூடியின் அடிப்பக்கம் பால் டீ நிறத்தில் இருந்தது. ஒயிலில் தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தபோது குமிழி குமிழியாக வந்தது. இரண்டும் சேர்ந்தால் சந்தேகம் ஹெட் கேஸ்கட் மேல்தான். எங்களுக்குப் புகையும் படித்துக் காட்டினார். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகுது, நீலம் என்றால் ஒயில் எரியுது, கறுப்பு என்றால் டீசல் அளவுக்கு மேல போகுது இல்லாட்டிக் காற்று போதாது. எங்களுடையது வெள்ளை. நீலம் இல்லாததால் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டரில் இரண்டு நன்றாக இருந்தது, பக்கத்துப் பக்கத்தில் இருந்த மற்ற இரண்டும் குறைவு. "ரெண்டுக்கும் நடுவில கேஸ்கட் போயிருக்கு. கீழ் எஞ்சின் உயிரோட இருக்கு" என்றார்.

ஹெட்டைக் கழற்றி, நேர்ச்சட்டம் வைத்து இடைவெளி அளந்து, வளைந்திருந்ததால் லேத்தில் சீவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, புது கேஸ்கட் போட்டுப் பூட்டினார். போல்ட்டை இறுக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அளவு இருக்கிறது. டோர்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்கினார், கை உணர்வுக்கு விடவில்லை. ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலன்ட் எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. நாலு நாள் வேலை.

இதை வைத்து முதல் கராஜ்காரரைக் கள்ளன் என்று சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. அவர் பக்கமிருந்து பாருங்கள். இரண்டு மணித்தியாலம் செலவழித்துப் பழுதைக் கண்டுபிடித்தால் நாம் எவ்வளவு கொடுக்கிறோம்? "சும்மா பார்த்தீங்க தானே" என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறோம். எஞ்சின் மாற்றினால் கூலி, பஞ்சிகாவத்தையில் சாமான் எடுத்த இடத்தில் கமிஷன், பழைய எஞ்சினின் இரும்பு விலை. பார்க்கிறதுக்குக் காசில்லை, மாத்துறதுக்குத்தான் காசு. அப்புறம் எவர் பார்ப்பார்? எங்கள் கருத்து இதுதான்: கண்டுபிடிக்கிறதுக்குத் தனிக் கூலி கொடுக்கப் பழக வேண்டும். டொக்டருக்குக் கொடுக்கிற மாதிரி, மருந்து எழுதினாலும் எழுதாவிட்டாலும். எங்கள் பாஸுக்கு அதைக் கொடுத்தபோது அவர் வாங்கக் கூச்சப்பட்டார்.

"ஜப்பான் எஞ்சின்" என்கிற மந்திரத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அதுவும் எங்கோ ஓடின பழைய எஞ்சின்தான். எவ்வளவு ஓடியது, என்ன தண்ணீர் குடித்தது என்று எவருக்கும் தெரியாது. அடைத்த ரேடியேட்டரை அப்படியே வைத்துவிட்டு அதைப் பூட்டினால் அதே ஏற்றத்தில் அதே வளைவில் அதுவும் நிற்கும். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை, விற்கப் போகும்போதுதான் தலையிடி. (இலக்கம் என்றதும் ஒன்று: இந்த பிக்கப்பில் இன்னும் பழைய ஸ்ரீ தகடுதான். 1957 இல் அந்தச் சிங்கள எழுத்து வந்தபோது எதிர்த்துத் தார் பூசினவர்கள் நம் ஆட்கள். இப்போது அதே தகட்டைக் காட்டி "ஒரிஜினல் ஸ்ரீ" என்று விலை கூட்டிக் கேட்கிறார்கள். வரலாற்று மாணவர்கள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நிற்கிறோம்.)

எங்களுக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012 இலேயே, வாகனக் கம்பனிகள் பழுது பார்க்கும் தகவலை வெளிக் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நம் பழைய பிக்கப்புகளில் மறைக்க கம்ப்யூட்டரே இல்லை, தகவல் எல்லாம் பாஸ்மாரின் தலையில் இருக்கிறது. அது ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, பாதி சிங்களம், பாதி ஆங்கிலம், இடையில் தமிழ் என்று வாய்வழியாகவே போகிறது. அவர் போனால் அதுவும் போகும். தமிழில் தேடினோம், கைக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. வாய்மொழி வரலாறு பதிவு செய்யப் படிக்கிற நாங்கள், அந்தப் பாஸோடு இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அவர் சொன்னதை எழுதியிருக்கிறோம். எழுத எழுத அவர் திருத்தினார்.

பழைய டீசல் புகை நல்லதா என்று கேட்பவர்களுக்கு: நல்லதில்லை. ஆனால் சீராகத் திருத்திய எஞ்சின் புகைப் பரிசோதனையில் பாஸாகும், திருத்தாததுதான் ஊருக்கே கறுப்புப் புகை விடும். லீசிங்கில் புதுசு எடுக்கச் சொல்பவர்கள், மரக்கறி விலை விழுந்த மாதத்தில் தவணையை யார் கட்டுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு அந்தப் பாஸ் சொன்ன ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறோம். காலையில் வெள்ளனப் போங்கள். போனதும் கதைக்க முதல் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.