நம் பாறைக்குக் கல்லறைப் பெயரா?

பல்லாவரத்துக் குன்றையும் பரங்கிமலையையும் அறியாத தமிழர் மிகச் சிலரே. ஆயின், அக்குன்றுகள் எக்கல்லால் ஆயவை என வினவினால், நிலநூல் கற்றவரும் ‘சார்னாக்கைட்டு’ என்பர். அஃது என்ன சொல்? ஓர் ஆங்கில வணிகனின் பெயர். அதுவும் அவன் கல்லறைக் கல்லின் வழி வந்த பெயர்!

கிழக்கிந்தியக் குழும்பின் முகவனாய் வந்து, 1690இல் வங்கத்து ஊக்ளி ஆற்றங்கரையில் குடியேறியவன் யோபு சார்னாக்கு. கல்கத்தாவில் அவன் கல்லறைமேல் இடப்பெற்ற கல், நம் பல்லாவரப் பாங்கரைச் சார்ந்த கல். அதனை 1893இல் ஆய்ந்த நிலநூலறிஞர் தாமசு ஆலந்து, அவ்வகைக் கல்லுக்கே அவ்வணிகன் பெயரைச் சூட்டினார். மலை நம்முடையது, கல் நம்முடையது, பெயர் மட்டும் கல்லறையில் கிடப்பவனுடையது!

கல்லின் வரலாற்றைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையா? பாறைகள் மூவகை. உருகிய கற்குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. அது நிலத்தடியில் மெல்ல ஆறினால் மணிகள் பருக்கும். வெளியே வழிந்து விரைந்து ஆறினால் நுணுகும். வெயிலும் மழையும் காற்றும் சிதைத்த துகள்கள் நீரடியில் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகினால் படிவுப்பாறை. அரியலூர்ச் சுண்ணக்கல் அவ்வினம். இவ்விருவகையும் ஆழத்தில் அழுந்தி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலே தம் இயல்பு திரிந்தால் மாற்றுருப்பாறை. சுண்ணக்கல் சலவைக்கல் ஆவது அவ்வாறே. மாற்றுருப்பாறையும் மீண்டும் உருகித் தீப்பாறை ஆகலாம். தேய்ந்து மணலாய்ப் படியவும் செய்யலாம். இதில் எவ்விடத்தில் தமிழ் தடுமாறிற்று?

பல்லாவரத்துக் கல்லோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையது. பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர்ப்பசை குன்றிய நிலையில் உருக்கொண்டது. மேற்கிடந்த பாறைகளெல்லாம் அரிக்கப்பட்டுப் போனபின் நம் காலடியில் வெளிப்பட்டது. நீலமலையும் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் இக்கல்லே. இதனை ஆலந்து தீப்பாறை எனக் கொண்டார். பின்வந்தோர் மாற்றுருவின் கூறுகளைக் கண்டனர். கருநாடகத்துக் கப்பல்துருக்கத்தில் வரிப்பாறை இக்கல்லாய் மாறிவரும் நிலையை 1960இல் பிச்சமுத்து என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அறிஞர் கொண்ட கருத்தே திருத்தம் பெறுமாயின், அவர் இட்ட பெயர் மட்டும் தீண்டத்தகாததோ?

“அறிவியற் பெயர் உலகப் பொது” என்பார் சிலர். ஆகுக! ஒடிசா மலைகளில் கண்ட பாறைக்கு ஆங்கு வாழும் கொந்தர்தம் பெயரால் கொந்தலைட்டு என்றனர். அந்தீசு மலைப் பாறைக்கு அந்தீசைட்டு என்றனர். மண்ணின் பெயரும் மக்களின் பெயரும் அங்கெல்லாம் பொருந்தின. பல்லாவரத்திற்கு மட்டும் பொருந்தாவோ? சார்னாக்குக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே, 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவன்மன் பல்லாவரத்துக் குன்றைக் குடைந்து குடைவரை அமைத்தானே! சார்னாக்கைக் கல்கத்தாவைத் தோற்றுவித்தவன் எனக் கொள்ளலாகாது என 2003இல் அந்நகர் உயர் முறைமன்றமே தீர்ப்பளித்தது. வங்கத்தார் தம் நகரினின்று நீக்கிய பெருமையை நாம் நம் மலைமேல் சுமந்து திரிவதோ? இக்கல்லுக்காகப் பரங்கிமலையை நாட்டு நிலவியல் நினைவிடமாகப் போற்றும் நடுவணரசின் ஆய்வுத்துறையும் அப்பெயரையே சுமக்கின்றது.

அயல்மொழி ஏடுகளில் அப்பெயர் கிடந்துவிட்டுப் போகட்டும். தமிழில் எழுதுங்கால் ‘பல்லாவரக்கல்’ என்றே எழுதுவோம். சார்னாக்கைட்டு என்றால் மாணவன் உருப்போடுவான். பல்லாவரக்கல் என்றால் அக்குன்றை ஏறிட்டு நோக்குவான். உருப்போட்டது தேர்வோடு போகும். நோக்கியது நெஞ்சில் நிற்கும். ஆசிரியர்காள்! நாளை வகுப்பிலேயே தொடங்குமின்! கல்லை மீட்க வேண்டா. அஃது இங்கேயே நிற்கின்றது. பெயரை மீட்போம்!