செண்பகம், காட்டுக்கோழி, புலுனி: எந்தப் பறவை யாருடையது?

2024 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றின் இல்ல விளையாட்டுப் போட்டியில் மாணவர்கள் கார்த்திகைப்பூ வடிவில் தமது இல்லத்தை அலங்கரித்தார்கள். அதற்காகப் பொலிஸ் விசாரணை நடந்தது. மாரி தொடங்கினால் வேலியோரம் தானாக முளைத்துப் பூக்கின்ற கொடி அது. தமிழ்நாட்டில் அதே பூ மாநில மலர். சிம்பாப்வேயில் தேசிய மலர். இங்கே அது தடயப்பொருள்.

அந்தப் பூவைப் போலவே வாகை மரம், சிறுத்தை, செண்பகம் ஆகியவற்றையும் விடுதலைப் புலிகள் தமிழீழத்தின் தேசிய அடையாளங்களாக அறிவித்திருந்தார்கள். பூவைச் சுற்றி இவ்வளவு நடந்தும் செண்பகத்தை எவரும் சீண்டவில்லை. மாணவன் ஒருவன் நாளைக்குச் செண்பகத்தை வரைந்தால் விசாரிக்க வருகிறவருக்கு அது எந்தப் பறவை என்று தெரியுமா என்பதே சந்தேகம். எங்களுடைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது அதைவிடச் சங்கடமான கேள்வி.

செண்பகம் ஒரு தேசத்தின் பறவையாக இருக்கத் தகுதியானதா? பொருந்தாது என்பவர்களிடம் காரணங்கள் இருக்கின்றன. அதனால் நன்றாகப் பறக்க முடியாது. காகத்தளவு உடம்பையும் நீண்ட வாலையும் இழுத்துக்கொண்டு ஒரு பற்றையிலிருந்து அடுத்த பற்றைக்குத் தாவும், மிச்ச நேரமெல்லாம் நிலத்தில் நடக்கும். மற்றப் பறவைகளின் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் களவெடுக்கும். கழுகைப் போல உயரத்தில் வட்டமிடுவதில்லை, மயிலைப் போல ஆடுவதுமில்லை.

ஆனால் அதன் மற்றப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். அது வலசை போகாத பறவை. பிறந்த வளவைச் சுற்றியே வாழ்ந்து முடிக்கும். குயில் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் குயிலைப் போல இன்னொருவர் கூட்டில் முட்டையிடாது, தானே கூடு கட்டித் தானே குஞ்சு வளர்க்கும். நத்தை, ஓணான், எலி, சிறு பாம்பு என்று தோட்டக்காரனுக்கு வேண்டாதவற்றைத் தின்னும். கறுத்த உடம்பு, செம்மண் நிறச் செட்டை, இரத்தச் சிவப்பான கண். காலையில் வேலிக்குள்ளிருந்து அடித்தொண்டையால் "ஊப் ஊப்" என்று அது கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1995 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இடம்பெயராமல் இருந்தவற்றில் இதுவும் ஒன்று. உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் வீடுகள் இடிந்து, வளவுகள் பற்றையாகி, குசினிக்குள் மரம் முளைத்துக் கிடந்த காலத்திலும் அங்கே குடியிருந்தது இந்தப் பறவைதான். உறுதி காட்டச் சொல்லி எவரும் அதை மறிக்கவில்லை.

இனி அரசின் பறவையைப் பார்ப்போம். இலங்கைக் காட்டுக்கோழி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். அந்த வகையில் தெரிவில் குறை சொல்ல ஏதுமில்லை. செம்மஞ்சள் மார்பும், நடுவில் மஞ்சள் படர்ந்த சிவந்த கொண்டையும் கொண்ட சேவல் உண்மையிலேயே அழகானது. குடாநாட்டுக்குள்ளேயே வளர்ந்தவர்கள் அதைக் காண்பது அரிது. ஆனால் வன்னிக் காட்டோரக் கிராமங்களில் அதிகாலையில் அதன் கூவலைக் கேட்கலாம். அரசின் பறவை என்றபடியால் அது தெற்கில் மட்டும் வாழ்வதில்லை. சேவற்கொடியோன் என்று முருகனைக் கும்பிடுகிற சனத்துக்கு அது அந்நியமான பறவையுமில்லை.

கொடிகளில் இருக்கும் விலங்குகளோடு ஒப்பிட்டால் இந்தப் பறவைகளின் நேர்மை விளங்கும். ஒரு கொடியில் சிங்கம், மற்றக் கொடியில் வரிப்புலி. இரண்டுமே இன்று இலங்கைக் காடுகளில் இல்லாத விலங்குகள். இங்கே நாம் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். இல்லாத இரண்டு விலங்குகளின் பெயரில் முப்பது வருடம் யுத்தம் நடந்த நாட்டில், இரு தரப்பும் தெரிந்தெடுத்த பறவைகளோ உண்மையிலேயே ஒரே காட்டோரத்தில், ஒரே பற்றைக்குள் இரை தேடுகின்றன. இரண்டும் பறப்பதைவிட நடப்பதையே விரும்புகின்றன.

மூன்றாவதாக ஒரு பறவையும் எங்களுக்கு உண்டு, பலர் அதை மறந்துவிட்டார்கள். முதலாவது வடக்கு மாகாண சபையின் காலத்தில் மாகாணத்துக்குரிய பறவையாகப் புலுனி தெரிவானது. மண் நிறத்தில், ஏழெட்டாகச் சேர்ந்து முற்றத்தில் சருகைக் கிளறி, ஓயாமல் சத்தமிடுகிற அந்தப் பறவைதான். கம்பீரமில்லை என்று அப்போது சிரித்தவர்களும் உண்டு. என் கணிப்பில் மூன்றிலும் பொருத்தமானது அதுதான். கூட்டமாக வாழும், ஒன்று அபாயக் குரல் கொடுத்தால் எல்லாம் திரளும், ஒரு சோடியின் குஞ்சுக்குக் கூட்டத்திலுள்ள மற்றவையும் இரை கொடுக்கும். யுத்தத்துக்குப் பிறகு ஆளில்லாமல் போன குடும்பங்களை அயலும் உறவும்தானே இங்கே தாங்கின. 2018 ஒக்ரோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடத்தப்படவில்லை. சபை இல்லாத மாகாணத்துக்கு இப்போது பறவை மட்டும் இருக்கிறது.

சட்டம் போட்டுப் பறவையைத் தெரிவதால் என்ன பயன் என்றும் கேட்கலாம். அமெரிக்கா 1782 இலிருந்து தன் முத்திரையில் வெண்தலைக் கழுகை வைத்திருந்தும், அதைத் தேசியப் பறவையாகச் சட்டத்தில் எழுதியது 2024 டிசம்பரில்தான். அது மீனைப் பறித்துத் தின்னும் ஒழுக்கங்கெட்ட பறவை என்று பெஞ்சமின் பிராங்க்ளின் 1784 இலேயே மகளுக்குக் கடிதம் எழுதிக் குறைப்பட்டிருக்கிறார். முத்திரையில் இருந்ததும் கழுகைக் காப்பாற்றவில்லை. டீடீடீ என்ற பூச்சிகொல்லியின் காலத்தில், 1963 இல், அலாஸ்காவைத் தவிர்த்த பெருநிலப் பகுதியில் எஞ்சியிருந்தவை 417 சோடிகள் மட்டுமே. டீடீடீயைத் தடைசெய்து, பாதுகாப்புச் சட்டத்தை இறுக்கிய பிறகுதான் அவை பெருகின. பக்கத்தில் ஆந்திராவின் பறவை பனங்காடையாக இருந்தது. மாநிலம் பிரிந்ததும் தெலங்கானா அதைத் தன்னுடையதாக்கியது, ஆந்திரா 2018 இல் கிளிக்கு மாறியது. பனங்காடைக்கு இந்த எல்லைப் பிரிப்பு தெரிந்திருக்க நியாயமில்லை.

எங்கள் பக்கத்தில் பறவையின் பெயர் அதிகம் அடிபடுவது காணிப் பிரச்சினையில்தான். 1938 இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதே ஆண்டு நெடுந்தீவிலும், மடு வீதியிலும், ஆதாம் பாலத்திலும் பூங்காக்கள் வந்தன. காட்டையும் களப்பையும் காப்பது அவசியம், அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் யுத்தத்தால் விட்டுப்போன வயலும் தோட்டமும் இருபது முப்பது வருடத்தில் காடாகும். அதைக் காடென்று எல்லைக்கல் போட்டுவிட்டு, திரும்பி வந்தவனை அத்துமீறியவன் என்கிறபோது அங்கே பறவை ஒரு சாட்டாகிவிடுகிறது. மன்னாரில் நிலைமை தலைகீழ். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையில், பூநாரைகள் வந்திறங்கும் வங்காலைக்குக் கிட்டவாகக் காற்றாலைகள் எழுப்பப்படுகின்றன. அங்கே பறவைகளுக்காகவும் தங்கள் நிலத்துக்காகவும் வீதியில் இறங்கியவர்கள் பொதுமக்கள்தான்.

செண்பகத்துக்கு எந்த வர்த்தமானியும் உதவப்போவதில்லை, அதற்குத் தேவை வேலி. கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும் நெருங்கி நின்ற உயிர்வேலிகள்தான் குடாநாட்டில் அதன் வீடு. வெளிநாட்டுக் காசு வந்ததும் நாங்கள் முதலில் செய்த வேலை அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டியது. அந்த வேலியை இராணுவம் பிடுங்கவில்லை, திணைக்களமும் பிடுங்கவில்லை. இப்போது ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் ஆளுயரச் சீமெந்து மதில். செண்பகத்தின் சத்தம் கேட்கவேண்டுமானால் வெளிநாட்டுக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன, இன்னும் துப்புரவாக்காத வளவுகளின் பக்கம்தான் போகவேண்டும்.