மிதிவண்டி ஏழையின் அடையாளமா?

“இன்னுமா சைக்கிள்?” என்று பல்கலைக்கழக நண்பர்கள் கேட்கிறார்கள். என் வாடகை அறையிலிருந்து விரிவுரை மண்டபம் மூன்று கிலோமீட்டர். காரில் வரும் நண்பர் நிறுத்துமிடம் தேடி அலையும் நேரத்தில் நான் வகுப்பில் அமர்ந்துவிடுகிறேன். எண்ணெய்ச் செலவில்லை, சாலை வரியில்லை. என் காரணம் அவ்வளவுதான்.

சுற்றுச்சூழல் பற்றினால்தான் நகரவாசிகள் மிதிவண்டியை நாடுகிறார்கள் எனப் பலரும் எண்ணுகிறோம். டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் மாநகராட்சி இக்கேள்வியைத் தன் மக்களிடமே பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. விரைவு, எளிமை என்பவையே முன்னிற்கும் விடைகள். சுற்றுச்சூழல் வெகுவாகப் பின்தங்கியே வருகிறது.

அந்த எளிமை தானாக வந்துவிடாது. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் அதிகமானோர் சிறுவர்கள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு மிதிவண்டிப் பாதைகளில் கவனம் செலுத்தத் தொடங்கியது.

கோலாலம்பூரிலும் 2015இல் மெர்டேக்கா சதுக்கத்திலிருந்து மிட்வேலி வரை ஒரு பாதை திறக்கப்பட்டது. 2018இல் நகர மையச் சாலைகளில் நீல வண்ணம் பூசினார்கள். ஆனால், வண்ணம் காரைத் தடுக்குமா? வெயிலும் மழையும் நமக்கு உண்மையான தடைகளே. எனினும், நிழல்தரும் மரங்களும் பாதுகாப்பான பாதையும் இருந்தால் குறுகிய தூரத்திற்கு அவை பெரிய தடைகளல்ல.

நம் சமூகத்தில் இன்னொரு தடையும் உண்டு. தோட்டத்தில் என் தாத்தா பால்வாளிகளைச் சைக்கிளில்தான் ஏற்றிச் சென்றார். தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு அந்த வண்டி வறுமையை நினைவூட்டுகிறது. அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால், அதை மறைக்க, வேலையில் சேர்ந்த கையோடு ஒன்பது ஆண்டுக் கார் கடனில் கையொப்பமிடுவது முன்னேற்றமாகுமா? கார் தேவைப்படுவோர் வாங்கட்டும். மரியாதைக்காக வாங்க வேண்டாம்.

மாணவ நண்பர்களே, நாம் கேட்க வேண்டியவை சிறியவை: வளாகத்திலிருந்து ரயில் நிலையம் வரை தடுப்புடன் கூடிய ஒரு பாதை, பூட்டி வைக்கக் கூரையுள்ள ஓரிடம். மாணவர் பேரவைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் இவற்றை முதலில் கேட்போம்.