விசிட் விசா என்னும் வலை

வளைகுடா நாடுகளில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வெல்டருக்கும் பஞ்சம். இங்கே தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வேலைக்கு அலைகிற இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. இடையில் நிற்பவர் ஏஜண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பத்தாவது தேறாதவர் சவுதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், புலம்பெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். சம்பள ஒப்பந்தமும் இன்ஷூரன்சும் அப்போது சரிபார்க்கப்படும். ஏஜண்டு வாங்கும் கட்டணத்துக்கும் 30,000 ரூபாய் என்று அரசு வரம்பு கட்டியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால், விசிட் விசாவில் போகிறவருக்கு இந்தச் சோதனை எதுவும் இல்லை. "இப்போதைக்கு இதில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜண்டு. வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. விசா நாள் முடிந்ததும், உழைக்கப் போனவர் சட்ட விரோதக் குடியேறி ஆகிவிடுகிறார். முதலாளி கூலி தராவிட்டாலும் புகார் செய்ய அஞ்சுகிறார். செய்தால் முதலில் பிடிபடுவது அவர்தானே!

2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகம் பொது மன்னிப்பு அளித்தது. அபராதமின்றி ஊர் திரும்பவோ, முறைப்படி வேலை தேடிக்கொள்ளவோ வழி பிறந்தது. வரவேற்க வேண்டியதே. 2018-லும் இதுபோல் மன்னிப்பு வந்தது. ஆனால், மன்னிப்புப் பெறுகிறவர் தொழிலாளி. அவரை அனுப்பி வைத்தவர் எங்கே?

பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அபராதத்தையோ 2,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டது. லட்சக் கணக்கில் சுருட்டுகிறவருக்கு இது ஒரு பொருட்டா?

ஆள் தேவை முதலாளிக்கு. செலவும் அவருடையதாகவே இருக்க வேண்டும். ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று அமீரகச் சட்டமே கூறுகிறது. அது ஏட்டோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள இந்திய அரசு வற்புறுத்த வேண்டும். போலி ஏஜண்டுகளை இங்கேயே மடக்க வேண்டும்.

அதுவரை, பாஸ்போர்ட்டை நீட்டுமுன் ஏஜண்டின் பதிவு எண்ணைக் கேட்பது நல்லது. அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, ஆபீஸ் வேலை பார்க்கும் அண்ணன்மார் பத்து நிமிஷம் ஒதுக்கிப் பார்த்துச் சொன்னால், ஒரு குடும்பம் கடனிலிருந்து தப்பும்.